அரைப்பேர்

லாரியிலிருந்து இறங்கியவன்
தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றான்.
கடிவாளம் இல்லை. வார் இல்லை. முதுகில் ஆளும் இல்லை.
ஆனாலும் கழுத்து அப்படியே வளைந்திருந்தது,
உள்ளேயிருந்து யாரோ இழுப்பதுபோல.

"என்ன அழகு, பார்த்தீர்களா" என்றார் அல்விஸ்.
கொழும்பில் டிரசாஜ் கோப்பை இரண்டு வாங்கியவனாம்.
பெயர் மார்ஷல்.
நான் வாயைத் திறந்து பார்த்தேன்.
நாக்கின் ஓரத்தில் நீலத் தழும்பு.

கந்தப்பளையில் சமதளம் என்று ஒன்று கிடையாது.
உருளைக்கிழங்கு போட்டிருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து
மட்டம் பார்த்து மரத்தூள் கொட்டியிருக்கிறேன்.
மழை பெய்தால் மேற்கு மூலை குளம்.
லயத்தில் பிறந்தேன், லாயத்தில் வேலை;
எழுத்தில் ஒரு கால்தான் கூட.

முதல் மூன்று கிழமை ஏறவே இல்லை.
பக்கத்தில் நடந்தேன்.
நான் நின்றால் அவனும் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பாடம்.
நின்றான், மாவு மில் மாதிரி பல்லை அரைத்துக்கொண்டு.
அடி எந்தப் பக்கமிருந்து விழும் என்று
காது இரண்டும் பின்னால்.

கொட்டில் கூட்டுகிற தேவசகாயம் கேட்டான்:
"இதுக்கா அக்கா மஸ்கட்ல ஒம்பது வருசம் கெடந்தீங்க,
குதிரையக் கூட்டிக்கிட்டு நடக்க?"
இதற்குத்தான்.
அங்கே சாணம் அள்ளிக்கொண்டே பார்த்திருக்கிறேன்,
விடத் தெரிந்த கையைக் குதிரை
எட்டடிக்கு அப்பாலேயே கண்டுகொள்ளும்.

நாலாம் கிழமை ஏறினேன்.
மூச்சை விட்டால் நடை. மூச்சை இருத்தினால் நிற்பது.
சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல் மூடித் திறக்கும், வேறொன்றுமில்லை.
தோளைக் கொஞ்சம் உள்ளே தா என்று கேட்டு
ஒரு வட்டம். மறுபடி ஒரு வட்டம்.
கழுத்து அரைச்சாண் இறங்கியதும்
வாரை நழுவவிட்டு, பிடரியடியில் சொறிந்து
போதும் என்று குதித்துவிடுவேன்.
கொட்டில் கதவில் வெண்கட்டியால்
அவனுக்கு அரைப்பேர் போட்டேன்.

பதினெட்டுக் கிலோ நிறையாத நாளில்
அம்மாவுக்குப் போட்ட அதே அரைப்பேர்.
அவள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்,
கூடையைவிடக் கனமாக.
இவன் புல் தின்றான்.

வங்கியிலிருந்து கடிதம் வந்த அன்று
வலது வாரை வெடுக்கென்று இழுத்தேன்.
ஒரு தரம்தான். தெரியாமல் என்று சொல்லமாட்டேன்.
தாடை நெஞ்சுக்குப் போனது.
எவ்வளவு கச்சிதமாக! எவ்வளவு மரியாதையாக!
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.
கதவில் எழுதினேன்:
செபமலர். பேர் இல்லை.

மறுபடி பக்கத்தில் நடந்தேன், பத்தொன்பது நாள்.

பிறகு ஒரு காலை. பனிமூட்டத்தில்
அவன் காதுகளுக்கு அப்பால் உலகமே இல்லை.
மேல்மலையில் கவ்வாத்துக் கத்திகளின் சத்தம் மட்டும்.
எனக்குத் தும்மல் வந்தது,
இரண்டு வாரும் கையைவிட்டுப் போயின.
கழுத்து முன்னால் போனது.
இன்னும் போனது. இவ்வளவு நீளமா இவன்?
மூக்கு மரத்தூளைத் தொட, முதுகு எனக்கடியில் எழும்ப,
அடிவயிற்றிலிருந்து ஒரு பெரிய தொர்ர்ர்.
சேணத்தோடு நானும் குலுங்கினேன்.

ஞாயிறு அல்விஸ் வந்தார்.
"தலை ஏன் மாடு மாதிரி தொங்குது?"
கேளுங்கள் என்றேன்.
"எதை?"
மார்ஷல் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்,
பல்லில் பல் படாமல்.
அல்விஸ் கொஞ்ச நேரம் நின்றார்.
கைபேசி அடித்தது. குளத்தைச் சுற்றிக் காருக்குப் போனார்.
அடுத்த மாதம் தீனிக்குக் காசு வருமோ என்னவோ.

கொட்டிலுக்குத் திரும்பினால்
தேவசகாயம் யாரையும் கேட்காமல் கதவில்
இரண்டு முழுப்பேர் போட்டிருக்கிறான்.
செபமலர் சரி.
கீழே 'மர்ஷல்', ஒரு கால் குறைய.
திருத்தவில்லை. மீதி நாலும்
வைக்கோலில் தளர்வாக நின்றன.